வேருக்கு ஒரு காவலன்

இட்லிக்கு அரிசி எங்கே விளைகிறது என்று கேட்டால், நகரவாசிகளும் தஞ்சை ஜில்லா என்று சொல்லிவிடுவார்கள். உளுந்து எங்கே என்றால் சற்று யோசிப்பார்கள். அந்த உளுந்தும் அதே காவேரிப் படுகையில், அதே வயலில் விளைகிறது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள்ளேயே விதையைத் தெளித்து விடுகிறார்கள். உழவு இல்லை, பாய்ச்சலும் இல்லை. மிஞ்சிய ஈரத்தையும் தைப் பனியையும் நம்பியே பயிர் தலையெடுக்க வேண்டும்.

இப்பயிரின் சத்துருக்களில் வேரழுகல் மிகவும் வஞ்சகமானது. இலை மஞ்சளிக்கும், துவளும், சில நாட்களில் செடி காய்ந்துவிடும். பிடித்து இழுத்தால் அனாயாசமாகக் கையோடு வரும். அழுகிய வேர் மண்ணிலேயே தங்கிவிடும். மேக்ரோபோமினா என்னும் பூஞ்சையே காரணம். பொடிப் பொடியான கருமணிகளாக இறுகி, மண்ணிலும் செத்தையிலும் வருஷக்கணக்கில் அது உயிர் தரித்திருக்கும். 500க்கும் மேற்பட்ட செடியினங்களைப் பற்றக்கூடியது. எள்ளும் பருத்தியும் நிலக்கடலையும் அதற்கு விலக்கல்ல. ஆகவே பயிரை மாற்றிப் போட்டு அதை ஏமாற்றுவது எளிதன்று. வெயில் ஏறி மண் காய்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். உளுந்து காய் பிடிக்கும் மாசியும் பங்குனியும் அத்தகைய காலமே அல்லவா?

ரசாயன மருந்தை விதையில் தடவுவது ஒரு வழி. அது முளையைக் காக்கும். ஆனால் வேர் ஓடும் தூரமெல்லாம் கூடவே ஓடாது. உயிருள்ள காவலனோ வேரோடு தானும் வளர்வான். மண்ணிலேயே அப்படிப்பட்டவன் இருக்கிறான் என்பதை 1932ஆம் வருஷம் அமெரிக்காவில் வெய்ண்ட்லிங் என்னும் சாஸ்திரி எடுத்துக் காட்டினார். டிரைக்கோடெர்மா என்ற பச்சைப் பூஞ்சை, பயிரைக் கெடுக்கும் பூஞ்சையின் இழைகளைச் சுற்றிப் பின்னி அவற்றையே ஆகாரமாக்கிக் கொள்வதை அவர் கண்டார். பகைவனின் சுவரைக் கரைக்கும் ரசங்களையும் அது சுரக்கிறது. சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவின் யுக்தி வேறு. வேரைச் சுற்றிக் குடியேறி, அங்குள்ள இரும்புச் சத்தைத் தானே கைப்பற்றிக்கொண்டு, பகைவனைப் பட்டினி போட்டுவிடும். செடியின் எதிர்ப்புச் சக்தியையும் தூண்டும்.

இவ்விரண்டையும் பொடியாகப் பிரயோகிக்கும் முறையைக் கோயமுத்தூர் விவசாய சர்வகலாசாலை சிபார்சு செய்திருக்கிறது. ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா 4 கிராம். அல்லது சூடோமோனாஸ் 10 கிராம். ஏக்கருக்கு 12 கிலோ விதை என்றால், முன்னதில் 50 கிராம்கூடச் செலவாகாது. உலகிலேயே அதிகமாகப் பருப்பு விளைவிப்பதும் உண்பதும் நம் தேசமே. இருந்தும் மியான்மார் என்று இப்போது வழங்கும் பர்மாவிலிருந்து உளுந்தைக் கப்பலில் வரவழைக்கிறோம். ஐம்பது கிராம் பொடியால் அது நின்றுவிடும் என்று நாம் சொல்லவில்லை. வயலில் வீணாய்ச் சாகும் செடிகள் குறையும் என்றே சொல்கிறோம்.

ஆனால் இந்த மருந்து உயிருள்ளது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிராமுக்கு இருபது லட்சம் உயிரணுக்களாவது டிரைக்கோடெர்மாவில் இருக்க வேண்டும் என்பது விதி. அதன் ஆயுளோ சில மாதங்களே. தகரக் கூரையின் கீழ்ச் சித்திரை வெயிலில் வெந்த பொட்டலத்தில் எஞ்சுவது வெறும் மாக்கல் தூள். அதை வாங்கித் தூவிய குடியானவர், "இதெல்லாம் பம்மாத்து!" என்று வெறுத்துப் போனால் அவரைக் குறை கூறலாகாது. 1968ஆம் வருஷத்துப் பூச்சிகொல்லிச் சட்டம் இம்மருந்துகளுக்கும் உண்டு. பொட்டலத்திலுள்ள தேதியோடு, அது வைக்கப்பட்டிருந்த இடத்தையும் சர்க்கார் அதிகாரிகள் சோதிப்பார்களானால் பாதிக் குறை தீரும்.

விதையில் பூஞ்சைக்கொல்லி விஷத்தையும் இதையும் சேர்த்துத் தடவுவது காவலனையே கொல்வதாகும். ஏற்கெனவே வாடிய செடியை இது பிழைப்பிக்கவும் செய்யாது.

பட்டணத்துப் பிள்ளைகள் கிராமத்து வயலுக்கு விதை அனுப்பும்போது இதையும் எழுதி அனுப்பலாம். முதலில் விதையில் காவலனைத் தடவ வேண்டும். பிறகு, வேர் முடிச்சில் தழைச்சத்துச் சேர்க்கும் ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து பூசவேண்டும். நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். உழுது விதைப்போர், எக்டேருக்கு இரண்டரைக் கிலோப் பொடியை 50 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, முப்பதாம் நாள் நிலத்தில் ஈரம் இருக்கும்போது இடலாம்.