பிளாஸ்டிக் விமானம் கட்டுவது சிறுபிள்ளை வேலையா?

ஓய்வு பெற்ற மனிதர் மேஜையில் பிளாஸ்டிக் விமானம் ஒட்டிக்கொண்டிருந்தால், வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். "பேரனுக்கா சார்?" என்பது ஒன்று. "போர் விமானம்தான் கிடைத்ததா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் சிரித்து வைக்கலாம். இரண்டாவதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

என் கருத்து இது. ரெடிமேடாக வாங்கி ஷோகேஸில் வைக்கிற போர் விமானம் வெறும் பொம்மை. துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, படித்துப் பார்த்து வண்ணம் அடித்த விமானம் ஒரு சரித்திரப் பாடம். அதைக் கட்டியவருக்குப் போர் மீது மோகம் வராது.

நம் வயதுக்காரர்கள் மறக்காத நாட் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அது கொசு மாதிரியான ஒரு சின்னப் பூச்சியின் பெயர். போர் விமானங்கள் எடையிலும் விலையிலும் ஏறிக்கொண்டே போன காலத்தில், சிறியதே போதும் என்று பெட்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வடிவமைத்தது. 1955-ல் முதலில் பறந்தது. பிறகு உரிமம் பெற்று பெங்களூர் எச்.ஏ.எல்.லிலேயே தயாரித்தார்கள். 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களோடு மோதிப் பெயர் வாங்கியது.

1:72 அளவில் ஆறடி மனிதர் ஓர் அங்குலம் ஆகிவிடுகிறார். நாட்டின் இறக்கை, முனைக்கு முனை, ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். நிஜத்தில் அது 22 அடிதான். விமானியின் இருக்கையை ஒட்டும்போதுதான் அந்த இடம் எவ்வளவு குறுகல் என்பது புரியும். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானதளத்தை ஆறு சேபர்கள் தாக்கியபோது, குண்டு விழுந்துகொண்டிருக்கும் ஓடுபாதையிலிருந்து நிர்மல்ஜித் சிங் செகோன் மேலே கிளம்பியது இப்படிப்பட்ட ஓர் இருக்கையில்தான். அவர் திரும்பி வரவில்லை. விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். அவருடைய 18-வது ஸ்குவாட்ரனைத்தான் 2020-ல் நம் சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மறுபடி தொடங்கினார்கள்.

இதனால்தான் "கிட்டத்தட்ட இருந்தால் போதும்" என்ற மனப்பான்மை எனக்குப் பிடிப்பதில்லை. நாட் என்று பெயர் போட்ட கிட்களில் பல, பிரிட்டனின் சாகசக் குழுவான ரெட் ஆரோஸ் ஓட்டிய சிவப்பு நிறப் பயிற்சி விமானம். அதில் இரண்டு இருக்கை. நம் விமானப்படையின் போர் நாட்டில் ஒரே இருக்கை. சிவப்புக்குப் பதில் வெள்ளி அடித்து மூவண்ண வட்டம் ஒட்டிவிட்டால் அது நம் விமானம் ஆகிவிடாது. பெட்டியில் ஒற்றை இருக்கையா என்று பார்த்து வாங்க வேண்டும். வட்டத்தில் காவி வெளியே, பச்சை நடுவே. 1965-ல் வெள்ளி நிறம். அந்தப் போருக்குப் பிறகுதான் மறைப்பு வண்ணம் வந்தது. எந்த வருஷத்து விமானம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு டப்பாவைத் திறப்பது நல்லது.

வெள்ளி வண்ணம் லேசுப்பட்டதல்ல. ஒட்டிய இணைப்பு, அரத்தின் கீறல் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். அதனால் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, இடைவெளிகளைப் புட்டி வைத்து அடைத்து, நைசான உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்த பிறகே வண்ணம். பிரஷ் போதும்; வண்ணத்தை நீர்க்கக் கரைத்து இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பின். ஸ்டிக்கர் ஒட்டுமுன் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு அவசியம். இல்லாவிட்டால் அடியில் காற்று தங்கி ஓரம் வெளுத்துத் தெரியும். உடலின் இரு பாதிகளை ஒட்டுவதற்கு முன்பே மூக்குக்குள் ஒரு தூண்டில் ஈயக்குண்டை வைத்துவிடுங்கள். மறந்தால் விமானம் வால் ஊன்றி உட்கார்ந்துவிடும்!

இத்தனைக்கும் இரண்டு மூன்று வாரம் ஆகும். செல்போன் விளையாட்டில் ஒரு மணி நேரத்தில் நூறு விமானத்தைச் சுட்டு வீழ்த்துகிற பையனுக்கு, விமானம் என்றால் ஒரு புள்ளி. மூன்று வாரம் செலவழித்து ஒன்றைக் கட்டிய பையனுக்கு உள்ளே ஓர் இருக்கை இருப்பது தெரியும். அதில் உட்கார்ந்தவர் யார் என்று கேட்கத் தோன்றும். போர் விமானம் எதற்கு என்கிறவர்களுக்கு என் பதில் இவ்வளவுதான்.

வரும் விடுமுறையில் பேரப்பிள்ளைகளோடு ஒன்று ஆரம்பித்துப் பாருங்கள். கத்தியும் பசையும் உங்கள் கையில் இருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஸ்ரீநகர் கதையை வண்ணம் காய்கிற நேரத்தில் சொல்லலாம்.