பழகிய கண்ணும் புதிய கலையும்

1926ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், பாரிசு மாநகரினின்றும் அனுப்பப்பெற்ற சிற்பங்கள் சில நியூயார்க்குத் துறைமுகத்தில் வந்திறங்கின. அவற்றைச் செய்தவர், ருமேனிய நாட்டிற் பிறந்து பாரிசில் வாழ்ந்த பிரான்குசி என்பவர். அவற்றுள் ஒன்றற்கு 'விண்ணிற் பறவை' என்பது பெயர். அது வெண்கலத்தால் இயன்றது. நான்கடிக்கு மேற்பட்ட உயரம் உடையது. இடையிற் சற்றே பருத்து, மேலும் கீழும் மெலிந்து, ஆடிபோல் மெருகேறி நிற்பது. அலகு இல்லை, கண் இல்லை, சிறகும் இல்லை. கலைப்பொருள்களுக்கு அந்நாட்டிற் சுங்கவரி கிடையாது. ஆயினும் சுங்க அலுவலர்கள் இதனைக் கலைப்பொருளாக ஏற்றிலர். அடுக்களைக் கருவிகளும் மருத்துவமனைச் சாமான்களும் அடங்கிய வகையிற் சேர்த்து, நூற்றுக்கு 40 வீதம் வரி விதித்தனர். 600 டாலர் விலையுள்ள சிற்பத்துக்கு 240 டாலர் வரி! சிற்பி வழக்குத் தொடுத்தார்.

அவ்வலுவலர்களை எள்ளி நகையாடுதல் எளிது. ஆனால், புதுமைக் கலையைக் காணும் மக்களுட் பலர் மனத்திற்குள் சொல்லிக்கொள்வதையே அவர்கள் ஏட்டில் எழுதினார்கள். 'இஃது என்ன?' என்பதே எவர்க்கும் முதலில் எழும் வினா. அதற்குக் காரணம் உண்டு. அரிச்சுவடியில் அணிலின் படத்தைக் கண்டு 'அணில்' எனச் சொல்லப் பழகுகிறோம். பெயரைச் சொல்லிவிட்டால் படத்தைப் பார்க்கும் வேலை முடிந்தது என்று அன்றே நம் கண் கற்றுக்கொள்கிறது. பெயர் சொல்ல இயலாத உருவம் எதிர்ப்படும்போது, விடுகதை போட்டுவிட்டு விடை கூறாமற் சென்றவன்மீது எழும் சினம் நமக்கு எழுகிறது.

இசையில் இத்தகைய இடர்ப்பாடு இல்லை. ஆலாபனையைக் கேட்பவர், 'இஃது எதன் ஒலியைப் போன்றது?' என்று வினவுவதில்லை. குயிலைப் போலவோ இடியைப் போலவோ இல்லையென்று அதனை வெறுப்பாரும் இலர். செவிக்கு வழங்கிய உரிமையைக் கண்ணுக்கு வழங்க மட்டும் மனம் ஒருப்படுவதில்லை.

கல்லாதாரே புதுமையை வெறுப்பர் என்று கருதுவதும் பிழை. இங்கிலாந்தில் ரஸ்கின் என்னும் பேரறிஞர் இருந்தார். டர்னர் என்னும் ஓவியரைப் பிறர் பழித்தபோது, 1843ஆம் ஆண்டு நூல் வெளியிட்டு அவர் பெருமையை நிலைநாட்ட முற்பட்டவர் அவரே. அத்தகையவர் 1877ஆம் ஆண்டு விஸ்லர் என்பாரின் ஓவியத்தைக் கண்டு கடுஞ்சொற்களால் இகழ்ந்தார். இருளில் வீழும் வாணத்தின் பொறிகளைத் தீட்டிய ஓவியம் அது. விஸ்லர் அவர்மீது வழக்காடினார். இரண்டு நாள் உழைப்பிற்கா 200 கினி கேட்கின்றீர் என வழக்கறிஞர் மடக்க, வாழ்நாள் முழுதும் ஈட்டிய அறிவிற்கே அவ்விலை என்று அவர் விடையிறுத்தார். 1878ஆம் ஆண்டு வழக்கு அவர் பக்கமே தீர்ந்தது. ஆனால், கிடைத்த இழப்பீடு ஒரே ஒரு காற்பென்னி! ஒருகாலத்துப் புதுமையைக் காத்துநின்றவர்க்கே அடுத்த புதுமை பொறுக்கவில்லை. அறிவு மிகுந்தோரையும் பழக்கம் விடுவதில்லை போலும்.

உழைப்பைப் பற்றிய ஐயமும் வெறுப்பை வளர்க்கிறது. 'இதனை என் மகனும் தீட்டுவானே' என்பாரைப் புறக்கணித்தல் தகாது. உழைப்பை மதிக்கும் உள்ளத்தினின்றும் வரும் சொல் அது. புதுமையின் பெயரால் வெறுங்கிறுக்கல்கள் வெளிவருவதும் உண்மையே. ஆனால், கலைஞரினும் மிகுதியாக வெறுப்பைத் தேடித் தருவோர் வேறு சிலர். தமக்கே விளங்காததை விளங்கியதுபோல் நடித்து, வினவுவாரை அறிவிலார் எனக் குறிப்பாற் காட்டுவோரே அவர்கள். நேர்மையாக 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பவன் அவர்களினும் கலைக்கு நெருங்கியவன்; அவன் உருவத்தைப் பார்த்தேனும் இருக்கிறான்.

பிரான்குசியின் வழக்கில் இவை யாவும் நீதிமன்றம் ஏறின. இயற்கைப் பொருளை ஒத்திருப்பதே சிற்பம் என்று 1916ஆம் ஆண்டின் தீர்ப்பொன்று வரையறுத்திருந்தது. சிற்பத்தை வாங்கிய ஸ்டைக்கன் என்னும் ஒளிப்பட வல்லுநரிடம், காட்டில் இதனைக் கண்டால் பறவையென எண்ணிச் சுடுவீரோ என்று நீதிமன்றத்தில் வினவப்பட்டது. சுடேன் என்றார் அவர். பறவைபோல் தோன்றாவிடினும் பறவையென உணர்வதாகவும் கூறினார். சிற்பிகளே இரு பக்கமும் நின்று சான்று பகர்ந்தனர்.

1928ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் தீர்ப்பு வந்தது. இதனைப் பறவையோடு இணைத்துக் காண்பது அரிது என்பதை நீதிபதி மறைக்கவில்லை. பொருள்களின் உருவத்தை விடுத்துக் கருத்துகளைக் காட்ட முயலும் கலைநெறியொன்று தோன்றியுள்ளது; அதனை ஒருவர் விரும்பினும் விரும்பாவிடினும் அஃது இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். பார்ப்பதற்கு இனிய இவ்வுருவம் சிற்பியொருவரின் சொந்தப் படைப்பே எனத் துணிந்து, வரியின்றி உள்ளே விடுமாறு தீர்ப்பளித்தார்.