ஜெட் ஸ்கிக்கு எதிரி அலை இல்ல பாஸ், உப்பு! - வீக் எண்ட் ஜாலிக்குப் பின்னால் இருக்கும் சீரியஸ் விஷயம்

எங்க ஊர் கடம்பத்தூர். திருவள்ளூருக்கு அடுத்து, அரக்கோணம் லைன்ல இருக்கிற சின்ன ஸ்டேஷன். இங்கிருந்து கடல் சுமார் 50 கிலோமீட்டர். ஆனாலும் சனிக்கிழமை ராத்திரி ஆச்சுன்னா வாட்ஸ்அப் குரூப்ல "நாளைக்கு ஈ.சி.ஆர் போலாமா?"னு ஒரு மெசேஜ் வந்துடும். வாரம் முழுக்க கம்பெனியில ஷிஃப்ட் பார்த்துட்டு வர்ற பசங்களுக்கு, வாட்டர் ஸ்கூட்டர்ல பத்து நிமிஷம் பறந்து ஒரு ரீல்ஸ் போட்டாத்தான் அந்த வாரம் முடிஞ்ச மாதிரி.

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு அந்த அனுபவம். இடம் வேண்டாம். நான் உட்கார்ந்திருந்த வண்டி நடுத்தண்ணியில திடீர்னு நின்னுபோச்சு. ஹேண்டிலை எவ்வளவு திருப்பினாலும் வண்டி திரும்பவே இல்லை. கொஞ்ச தூரத்துல ஒரு பெடல் படகு, அதுல ஒரு குடும்பம். நல்லவேளையா வேகம் குறைஞ்சு, படகுக்கு முன்னாடியே நின்னுடுச்சு. கரைக்கு இழுத்துட்டு வந்ததும் மெக்கானிக் அண்ணன் சீட்டைத் தூக்கிப் பார்த்துட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "உப்பு."

அந்த ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

பெயரில் ஒரு குழப்பம்

நாம எல்லாரும் 'ஜெட் ஸ்கி'ன்னு சொல்றோம். உண்மையில் அது கவாசாகி கம்பெனியின் பிராண்ட் பெயர். யமஹாவுடையது 'வேவ் ரன்னர்', கனடாவின் பி.ஆர்.பி கம்பெனியுடையது 'சீ-டூ'. நகல் எடுக்கிறதை 'ஜெராக்ஸ்'னு சொல்ற கதைதான். நம்ம ஊர் படகுத்துறைகளில் 'வாட்டர் ஸ்கூட்டர்'னு எழுதி வெச்சிருப்பாங்க.

பெயர் எதுவா இருந்தாலும் வேலை செய்யும் விதம் ஒண்ணுதான். வண்டிக்கு அடியில் ஒரு சல்லடை வழியா தண்ணியை உறிஞ்சும். உள்ளே சுழலும் இம்பெல்லர் அந்தத் தண்ணியைப் பின்பக்கக் குழாய் வழியா வேகமா பீச்சியடிக்கும். அந்த வேகத்தில் வண்டி முன்னால் போகும். திருப்புறதும் அதே பீச்சுதான். ஹேண்டிலைத் திருப்பினா பின்னால் இருக்கும் குழாய் முனை திரும்பும். அதாவது, ஆக்ஸிலேட்டர் இல்லைன்னா ஸ்டீயரிங்கும் இல்லை. பைக்கில் இன்ஜின் ஆஃப் ஆனாலும் ஹேண்டில் வேலை செய்யும், பிரேக் பிடிக்கலாம். இதில் அது நடக்காது. எனக்கு அன்னிக்கு நடந்தது இதுதான்.

அதனால இன்ஜினைப் பராமரிக்கிறதை வெறும் சர்வீஸ் செலவா மட்டும் பார்க்க முடியாது. அது நேரடியா உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஒரு லிட்டரில் 35 கிராம்

ஒரு லிட்டர் கடல் தண்ணியில் சராசரியா 35 கிராம் உப்பு இருக்கும். பல மாடல்களில் இன்ஜினைக் குளிர வைக்கறதே இந்தத் தண்ணிதான். பம்ப் இழுக்கும் தண்ணியில் ஒரு பங்கு இன்ஜின் சந்துகள் வழியா ஓடி வெளியே போகும். சில மாடல்களில் இன்ஜினுக்கு கார் மாதிரி தனி கூலன்ட் உண்டு. ஆனா அவற்றிலும் சைலன்ஸர் பகுதிக்கு வெளித் தண்ணிதான் போகும்.

சவாரி முடிஞ்சு இன்ஜினை ஆஃப் பண்றோம். உள்ளே மிச்சமிருக்கும் தண்ணி சூட்டில் ஆவியாகுது. உப்பு மட்டும் அங்கேயே தங்குது. டீ பாத்திரத்தின் அடியில் படியுமே, அது மாதிரி. நாலு வாரம், பத்து வாரம் இப்படியே போனா தண்ணி போற சந்து சுருங்கும். இன்ஜின் சூடாகும். ஒருநாள் நிக்கும்.

அடுத்த பிரச்னை துரு. அலுமினியம், ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் ரெண்டும் துருப்பிடிக்காதுன்னு நம்புறோம். அவற்றின் மேல் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலம் இருப்பதால்தான் அவை தாக்குப்பிடிக்கின்றன. உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தில் ஓட்டை போடும். அதோட, ரெண்டு வேற வேற உலோகம் உப்புத் தண்ணியில் சேர்ந்து இருந்தா அது ஒரு பேட்டரி மாதிரி ஆகிடும். பலவீனமான உலோகம் கரைய ஆரம்பிக்கும்.

இதுக்குத்தான் வண்டியில் 'ஆனோடு'ன்னு ஒரு சின்ன உலோகத் துண்டு வைக்கிறாங்க. துத்தநாகம் அல்லது அலுமினியக் கலவையில் செஞ்சது. மத்த பாகங்களுக்குப் பதிலா அது கரைஞ்சு தன்னைக் காவு கொடுக்கும். இரும்புக்கு துத்தநாக முலாம் பூசும் கால்வனைசிங் வேலை பார்த்தவங்களுக்கு இந்த விஷயம் ஈஸியா புரியும். ஆனோடு பாதி கரைஞ்சதும் மாத்திடணும். அது கரையவே இல்லைன்னா சந்தோஷப்படாதீங்க. இணைப்பு சரியில்லாம அது வேலையே செய்யாம இருக்கலாம்.

கழுவுறதுக்கும் ஒரு வரிசை இருக்கு

உப்புத் தண்ணியில் ஓட்டினா அன்னிக்கே கழுவணும். 'நாளைக்குப் பார்த்துக்கலாம்'னு விட்டா உப்பு காய்ஞ்சு கெட்டியாகிடும். பெரும்பாலான வண்டிகளுக்கு வரிசை இதுதான்:

* முதலில் ஹோஸை இணைக்கணும். குழாயைத் திறக்கக் கூடாது.
* இன்ஜினை ஸ்டார்ட் பண்ணணும். அதுக்கப்புறம்தான் குழாயைத் திறக்கணும்.
* சில நிமிஷம் ஐடிலில் ஓடவிட்டா போதும். கரையில் ரொம்ப நேரம் ஓட்டினா, தண்ணியால் குளிர வேண்டிய சீல்கள் சூட்டில் கெட்டுப்போகும்.
* முடிக்கும்போது முதலில் குழாயை மூடணும். ஓரிரு முறை லேசா ஆக்ஸிலேட்டர் கொடுத்து உள்ளே இருக்கும் தண்ணியை வெளியேத்தணும். கடைசியாத்தான் இன்ஜின் ஆஃப்.

இந்த வரிசை மாறினா என்ன ஆகும்? இன்ஜின் ஓடாதப்போ தண்ணி திறந்தா, அது சைலன்ஸர் வழியா பின்னோக்கி இன்ஜினுக்குள்ளேயே போயிடலாம். அப்புறம் ஸ்டார்ட் பண்ணினா இன்ஜினே காலி. சில புது மாடல்களில் முறை கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். அதனால வண்டியோட கொடுத்த மேனுவல் சொல்றதுதான் இறுதி.

வெளிப்பக்கத்துக்கு நல்ல தண்ணியும் மென்மையான சோப்பும் போதும். பைக் வாட்டர் சர்வீஸ்ல அடிக்கிற மாதிரி ஹை பிரஷர் அடிச்சா ஒயர் கனெக்‌ஷன், சீல் எல்லாத்துக்குள்ளேயும் தண்ணி ஏறிடும். சீட்டைத் திறந்து வெச்சு உள்ளே காயவிடணும். இன்ஜின் ஆறின பிறகு துரு தடுப்பு ஸ்ப்ரே அடிக்கலாம். ஈரத்தோட கவர் போட்டு மூடினா, துருவுக்கு நாமே பந்தல் போட்டுக் கொடுத்த மாதிரி. வண்டியை ஏத்திட்டு வர்ற டிரெய்லரின் சக்கரத்தையும் கழுவணும். அதைத்தான் எல்லாரும் மறந்துடுவாங்க.

கழுவுற தண்ணியே உப்பா இருந்தா?

இங்கேதான் கதை நம்ம மாவட்டத்துக்கு வருது. திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரத்தில், மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் உப்பாகிப்போனது பல பத்தாண்டுக் கதை. அளவுக்கு மீறி போர்வெல் போட்டு உறிஞ்சியதில், கடல் நீர் நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அதே மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில்தான் 2010-ல் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. திறன், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஹோஸில் நிமிஷத்துக்கு 15 லிட்டர் தண்ணி வருதுன்னு வெச்சுக்குவோம். உள்ளே, வெளியே, டிரெய்லர் எல்லாம் சேர்த்து பத்து நிமிஷம் கழுவினா 150 லிட்டர். அதாவது பத்து குடம். ஒரு படகுத்துறையில் பத்து வண்டி இருந்தா தினமும் நூறு குடம் நல்ல தண்ணி. கடலோரக் கிராமங்களில் நல்ல தண்ணிக்கு லாரியை எதிர்பார்த்துக் குடத்தோட நிக்கிறவங்க இருக்காங்க. அங்கே இந்தக் கணக்கை யாரும் கேட்காம இருக்க முடியாது.

சரி, உப்பு போர்வெல் தண்ணியில் கழுவலாமா? ஆர்.ஓ சர்வீஸ் பண்ற அண்ணன் கையில் இருக்குமே டி.டி.எஸ் மீட்டர், அதை வெச்சுப் பார்த்துடலாம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேற வழியே இல்லைன்னா 2,000 வரை. கடல் தண்ணியோ 35,000. அதனால 2,000 இருக்கும் தண்ணியில் கழுவினாகூட, கழுவாம விடுறதைவிட எவ்வளவோ மேல். ஆனா, பல ஆயிரத்தைத் தாண்டின தண்ணியில் கழுவிட்டு 'கழுவிட்டேன்'னு நிம்மதியா இருக்க முடியாது. படகுத்துறைக் கூரையிலேயே மழைநீரைச் சேமிச்சு அதைக் கழுவுறதுக்குப் பயன்படுத்துறது நல்ல வழி. குடிக்கிறவங்க பங்கிலும் கை வைக்க வேண்டாம்.

புதுப் பிரச்னை: பெட்ரோல்

2025-ல் நாடு முழுக்க பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலக்கும் நிலைக்கு வந்துட்டோம். 2030-னு வெச்சிருந்த இலக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே முடிஞ்சது. பைக், கார் வெச்சிருக்கிறவங்க இதைப் பற்றி நிறைய சண்டை போட்டாச்சு. தண்ணி வண்டிகளைப் பற்றித்தான் யாரும் பேசலை. யமஹாவும் சீ-டூவும் தங்கள் மேனுவல்களில் சொல்லும் எத்தனால் உச்சவரம்பு 10 சதவிகிதம்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. மழைக்காலத்தில் சவாரி இல்லாம வாரக்கணக்கில் நிக்கும் வண்டியில், டேங்க்குக்குள் ஈரம் அதிகமாச்சுன்னா எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து அடியில் தங்கிடும். இன்ஜின் முதலில் உறிஞ்சுறது அந்த அடித் தண்ணியைத்தான். வெளியில் உப்பு, உள்ளே ஈரம்னு ரெண்டு பக்கமும் அடி. தண்ணி விளையாட்டை வளர்க்க நினைக்கும் அரசு, இந்த வண்டிகளுக்கு எந்த பெட்ரோல்னு தெளிவா சொல்ல வேண்டிய நேரம் இது.

உப்பு எல்லாருக்கும் பொது

ஜாலிக்கு ஓட்டுற நமக்கு வண்டி நின்னா ஒரு ரீல்ஸ் போச்சு. எண்ணூர், பழவேற்காடு மீனவர்களுக்கு இன்ஜின் நின்னா அன்னிக்கு வருமானமே போச்சு. அவங்க ஃபைபர் படகும், அதில் மாட்டும் அவுட்போர்டு இன்ஜினும் சந்திக்கும் எதிரி இதே உப்புதான். வெயிலில் நின்னு இன்ஜினைக் கழுவுறது அவங்களுக்குப் பழகின வேலை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தப்போ, உப்போட தாரும் சேர்ந்துக்கிச்சு. படகு, வலை, கயிறு எல்லாம் கறுப்பு. பாதிக்கப்பட்ட 787 படகுகளைச் சரிசெய்ய தலா 10,000 ரூபாய் நிவாரணம் அறிவிச்சது தமிழக அரசு. ஒரு படகைக் கழுவுறதுன்னா என்ன செலவு, எத்தனை நாள் வேலை இழப்புன்னு அந்தக் குடும்பங்களுக்குத்தான் தெரியும். அதனாலதான் இன்னொரு விஷயம்: வாட்டர் ஸ்கூட்டர் கழுவின சோப்புத் தண்ணியும் ஆயிலும் நேரா முகத்துவாரத்துக்கோ ஏரிக்கோ போகக் கூடாது. நாம விளையாடுற தண்ணியிலதான் அவங்க இறால் பிடிக்கிறாங்க.

விதி இருக்கு, வழக்கம் வரணும்

2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு பழவேற்காட்டில் சுற்றுலாப் பயணிகள் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க. அதுக்குப் பிறகு அங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடை ஒரு பக்கம் சரி. ஆனா, விபத்து நடந்ததும் மூடுறது, மறந்ததும் திறக்கிறதுன்னு இருந்தா பாதுகாப்பு வராது.

100 வருஷப் பழைய 1917 சட்டத்தை மாற்றி 2021-ல் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் வந்தது. இயந்திரப் படகுகளுக்குப் பதிவும் தகுதிச் சோதனையும் வேணும்னு அது சொல்லுது. கோவாவில் இருக்கும் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் படகு ஓட்டவும் உயிர்காக்கவும் பயிற்சி கொடுக்குது. ஆனா, உப்பு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற ஆய்வாளருக்காகக் காத்திருக்காது. தினமும் கழுவினாங்களான்னு ஒரு நோட்டில் எழுதி, டிக்கெட் கவுன்டரில் எல்லாரும் பார்க்கிற மாதிரி மாட்டினா போதும். தியேட்டர் டாய்லெட்டில்கூட 'கடைசியாச் சுத்தம் செய்த நேரம்'னு ஒரு அட்டை தொங்குதே!

ஏறுறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

* கில் ஸ்விட்ச் கயிறு உங்க மணிக்கட்டிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டியிருக்கா? விழுந்தா இன்ஜின் நிக்கணும்.
* இன்ஜின் ஓடும்போது பக்கவாட்டில் சின்னதா தண்ணி பீச்சுதா? பல மாடல்களில் அதுதான் குளிர்விப்பு சரியா நடக்குதுங்கிறதுக்கு அடையாளம்.
* பின்பக்கக் குழாய், போல்ட் எல்லாம் வெள்ளையா பூத்திருக்கா, துருப்பிடிச்சிருக்கா?
* முழங்கால் அளவுத் தண்ணியிலேயே ஸ்டார்ட் பண்றாங்களா? மணலும் பிளாஸ்டிக் கவரும் உள்ளே போய் இம்பெல்லரைக் கெடுக்கும்.
* "அண்ணே, நேத்து கழுவினீங்களா?" இந்தக் கேள்விக்கு முகம் சுளிச்சா, அந்த வண்டி வேண்டாம்.

அப்புறம், வீட்டுக்கு வந்ததும் உங்க பைக்கையும் ஒரு தடவை நல்ல தண்ணியில் கழுவிடுங்க. நாள் முழுக்க பீச் ஓரம் நின்ன வண்டி அது. செயின், டிஸ்க், ஸ்போக்ஸ்னு உப்பு அதுலயும் உட்கார்ந்திருக்கும். கழுவிக் காயவெச்சு செயினுக்குக் கொஞ்சம் ஆயில் விட பத்து நிமிஷம்தான் ஆகும். திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்கு அதே வண்டியிலதானே ஸ்டேஷனுக்குப் போகணும்?