அத்தை வீட்டுத் தகரக் கூரையில் சோலார்!

"ஏம்ப்பா, காத்தடிச்சா இது பறந்துடாதே?"

பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கும் என் அத்தை போனில் கேட்ட முதல் கேள்வி இதுதான். சோலார் போட்டுத் தருவதாக ஒருவர் வந்து, வாசலில் நின்றபடியே கூரையை அண்ணாந்து பார்த்து, மூன்று கிலோவாட்டுக்கு விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கரன்ட் பில் குறையும் என்பதில் அத்தைக்குச் சந்தோஷம்தான். ஆனால், 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரி, அவர் வீட்டுத் தகரம் நாலு பிய்த்துக்கொண்டு பக்கத்துத் தோப்பில் போய் விழுந்தது. அதை அவர் மறக்கவில்லை.

ஷீட் கூரையில் சோலார் வைக்க நினைக்கும் எல்லோருமே முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிப் போனேன். புயலுக்குப் பிறகு புதுக் கூரை போட்டுக்கொடுத்த வெல்டரையும் வரச் சொன்னோம்.

நாம் பொதுவாகப் பயப்படுவது எடைக்குத்தான். 540 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய 28 கிலோ இருக்கும். ஆனால், அது இரண்டரை சதுர மீட்டர் பரப்பில் பரவி உட்காருகிறது. துரு ஏறாத, நல்ல இரும்புச் சட்டம் பெரும்பாலும் அதைத் தாங்கிவிடும். நிஜமான எதிரி காற்று. பேனலுக்கு அடியில் புகுந்து மேலே தூக்கப் பார்க்கும். அப்போது ஸ்க்ரூ எதைப் பிடித்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

தகர ஷீட்டின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். வெறும் ஷீட்டில் முடுக்கிய ஸ்க்ரூ, பலத்த காற்றில் ஷீட்டையும் பிய்த்துக்கொண்டே போகும். அதனால் ஸ்க்ரூ ஷீட்டைத் தாண்டி, அதைத் தாங்கும் குறுக்குப் பைப்பில் இறங்க வேண்டும். "பைப் எங்கெங்க ஓடுதுன்னு உள்ளே நின்னு பார்த்தாத்தான் தெரியும். வாசல்ல நின்னு பார்த்தா எப்படித் தெரியும்?" என்றார் வெல்டர். நியாயம்தானே!

அடுத்தது ஒழுகல். ஷீட்டில் மேடு, பள்ளம் என்று இரண்டும் இருக்கிறதல்லவா? மழைத் தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். அங்கே ஓட்டை போட்டால் ஐப்பசியில் அடுப்படிக்குள் பாத்திரம் வைக்க வேண்டியதுதான். மேட்டில்தான் ஓட்டை போட வேண்டும். வெயிலில் வெடிக்காத தரமான ரப்பர் வாஷர் அவசியம். ஸ்க்ரூவை ரப்பர் நசுங்கிப் பிதுங்கும் அளவுக்கு முடுக்கவும் கூடாது.

பேனலைக் கூரையோடு ஒட்டிப் படுக்க வைப்பதும் தப்பு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. 25 டிகிரிக்கு மேல் பேனல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் மின்சாரம் சுமார் 0.3 முதல் 0.4 சதவிகிதம் குறையும். தகரமோ மத்தியானத்தில் தோசைக்கல். அதனால் அடியில் நாலு அங்குலமாவது இடைவெளி விட்டால் காற்று ஓடும். அதற்காக ரொம்பத் தூக்கி நிறுத்தினால் புயல் காற்றுக்குப் பிடி கிடைத்துவிடும். கூரையின் சரிவிலேயே, அதிகம் தூக்காமல் வைப்பதுதான் நல்லது. காற்று மிக மோசமாக இழுப்பது ஓரங்களிலும் மூலைகளிலும்தான் என்பதால், கூரை விளிம்பு வரை பேனலைக் கொண்டுபோகவும் கூடாது.

இவ்வளவும் பார்த்துவிட்டு இறங்கும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. கஜாவில் விழுந்த மரங்களுக்குப் பதிலாக அத்தை நட்ட தென்னைகள் இப்போது நன்றாக வளர்ந்து, கூரையின் மேற்குப் பக்கம் நிழல் தருகின்றன. ஒரு பேனலில் விழும் நிழல், அதோடு கோத்திருக்கும் மற்ற பேனல்களின் உற்பத்தியையும் இழுத்துவிடும்.

"அந்த ரெண்டு மரத்தை எடுத்துட்டா மூணு கிலோவாட்டும் போடலாம் அத்தை" என்றேன்.

"பிள்ளை மாதிரி வளர்த்தது. போய்யா அங்கிட்டு" என்றார்.

அதோடு பேச்சு முடிந்தது. தெற்குச் சரிவில் நிழல் படாத இடத்தில் நாலு பேனல், இரண்டு கிலோவாட் என்று முடிவானது. மத்திய அரசின் சூர்யா கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், இரண்டுக்கு 60,000. அந்த 18,000 போனால் போகட்டும் என்றுவிட்டார் அத்தை.

உங்கள் வீட்டிலும் ஷீட் கூரையா? கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேளுங்கள்:

* கூரை மேலேயும் உள்ளேயும் பார்த்தீர்களா?
* ஸ்க்ரூ குறுக்குப் பைப்பில் இறங்குமா?
* எங்கள் ஊர்ப் புயல் காற்றுக்குக் கணக்குப் போட்டீர்களா?
* எர்த்திங் உண்டா? கடலோரம் என்றால், துருப்பிடிக்காத போல்ட் போடுவீர்களா?
* ஒழுகினால் யார் பொறுப்பு? அதை எழுதித் தருவீர்களா?

பேனலுக்கு ஆயுள் 25 வருஷம். ஷீட் ஏற்கெனவே துருப்பிடித்திருந்தால், முதலில் அதை மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றுவதென்றால் பேனலையெல்லாம் கழற்றி மாட்டும் கூலி தனி. கல்நார் ஷீட் என்றால் அதன் மேல் ஏறவே வேண்டாம். உடைந்து விழும் ஆபத்து ஒருபக்கம், துளைத்தால் கிளம்பும் தூசி நுரையீரலுக்கு எமன்.

வாசலில் நின்று விலை சொன்னவருக்கு அத்தையே போன் போட்டார். "ஏணி எடுத்துட்டு வாங்க தம்பி. மேலே ஏறிப் பார்த்துட்டு அப்புறம் பேசலாம்."