மூளைக்கு டானிக்கா, மைதானமா?

பிறக்கும்போது கிடைத்த மூளைச் செல்கள்தான் முதலும் கடைசியும். அதற்குப் பிறகு தேய்மானம் மட்டுமே. மருத்துவ உலகம் பல காலம் இப்படித்தான் நம்பியது. 1960களில் ஜோசப் ஆல்ட்மன், வளர்ந்த எலியின் மூளையில் புதிய செல்கள் பிறப்பதைக் காட்டியபோதும் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை.

1998-இல் நிலைமை மாறியது. எரிக்சன், கேஜ் குழுவினர், இறந்துபோன ஐந்து புற்றுநோயாளிகளின் மூளையை ஆராய்ந்தார்கள். புதிதாகப் பிறக்கும் செல்லில் மட்டும் பதியும் ஒரு வேதிப்பொருள் அவர்களுக்கு முன்பே சிகிச்சையின்போது செலுத்தப்பட்டிருந்தது. அந்த அடையாளம், நினைவுகளைச் சேமிக்க உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியின் நரம்புச் செல்களில் இருந்தது!

அடுத்த ஆண்டே இன்னொரு செய்தி. கூண்டில் சக்கரம் வைத்து ஓடவிடப்பட்ட சுண்டெலிகளின் ஹிப்போகாம்பஸில், ஓடாதவற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு புதிய செல்கள் தங்கின.

மனிதர் விஷயத்தில் சர்ச்சை தீரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2018-இல் ஒரு குழு, பெரியவர்களின் மூளையில் புதிய செல்லே இல்லை என்றது. இன்னொரு குழு 79 வயதுவரை உண்டு என்றது. 2025-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், புதிய நரம்புச் செல்களை உருவாக்கும் முன்னோடிச் செல்களைப் பெரியவர்களிடமும் கண்டதாக வெளியிட்டார்கள். ஆனால் எல்லோரிடமும் அவை இல்லை.

அப்படியானால் ஓடுவது வீணா? இல்லை. 2011-இல் வெளியான ஆய்வில், 120 முதியவர்களில் ஒரு பாதியினர் ஓராண்டு நடைப்பயிற்சி செய்தார்கள். அவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதானது. வெறும் நீட்டி மடக்கும் பயிற்சி செய்த மறுபாதியினருக்கு அது சுருங்கியது. காரணம் புதிய செல்லோ, ரத்த ஓட்டமோ, லாபம் லாபம்தான்.

சந்தையோ வேறு சரக்கை விற்கிறது. மூளைப் பயிற்சி விளையாட்டு விற்ற லுமோசிட்டி நிறுவனம், ஆதாரமில்லாத விளம்பரத்துக்காக 2016-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 20 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. நடைப்பயிற்சிக்கு விளம்பரம் கிடையாது. அதை விற்று யாரும் சம்பாதிக்க முடியாதே!

இந்தக் கணக்கு நம் பள்ளிகளுக்குத்தான் முதலில் புரிய வேண்டும். பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைப் பிடுங்கிக் கணக்குப் பாடத்துக்குக் கொடுக்கிறார்கள். வீட்டிலோ ஞாபக சக்தி டானிக் வாங்கிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் விளையாடப் போகிற பிள்ளையைத் திட்டுகிறார்கள். காசு போட்டு டானிக் வாங்குகிறவர்கள், காசில்லாமல் கிடைக்கும் மைதானத்தைப் பூட்டலாமா? அந்த ஒரு மணி நேரம் செலவு அல்ல, முதலீடு.