சமோவா: மரபு ஏற்றதும் சட்டம் மறுப்பதும்

பசுபிக் சமுத்திரத் தீவு நாடான சமோவாவில், ஆணாகப் பிறந்து பெண்ணின் பாங்கில் வாழ்பவர்கள் 'ஃபாஅஃபாஃபினே' என அழைக்கப்படுகின்றனர். 'பெண்ணைப் போன்று' என்பதே அச்சொல்லின் பொருள். முதிய பெற்றோரைப் பராமரிப்பது பல குடும்பங்களில் அவர்கள் பொறுப்பேயாகும். பெண்ணாகப் பிறந்து ஆணின் பாங்கில் வாழும் 'ஃபாஅதாமா'க்கள் பற்றி வெளியுலகம் பேசுவது மிகக் குறைவு.

இதனை வைத்துச் சமோவாவைச் சகிப்புத்தன்மையின் சொர்க்கமாகச் சித்திரிப்பதை நாம் ஏற்பதற்கில்லை. ஆண்கள் பெண்களாக வேடமிடுவதைக் குற்றமாக்கிய 1961ஆம் ஆண்டுச் சட்டம், சுதந்திரத்திற்கு ஓராண்டு முன்னர், நியூசிலாந்து நிர்வாகத்தின் கீழ் வந்ததாகும். மரபு ஒருபோதும் குற்றமென்று கருதாததை அந்நியச் சட்டமே குற்றமாக்கியது எனலாம். 2013ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டம் அப்பிரிவைக் கைவிட்டது. எனினும் ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாகவே வைத்துக்கொண்டது.

அப்போதைய பிரதமர் துயிலாஎபா, 2006இல் உருவான ஃபாஅஃபாஃபினே சங்கத்தின் போஷகராக விளங்கியவர் என்பது குறிப்பிடத்தக்கது. அவருடைய ஆட்சியிலேயே, பாலின மாற்றம் பற்றிய 'த டேனிஷ் கேர்ள்' திரைப்படம் 2016இல் தடைசெய்யப்பட்டது. திருச்சபைகளின் செல்வாக்கு மிகுந்த நாட்டில் இது வியப்புக்குரியதன்று. வீட்டிற்கும் ஊருக்கும் உழைப்பவர் என்ற வகையில் அவர்கள் வேண்டப்படுகின்றனர்; துணையொருவரைத் தேடும்போது மட்டும் குற்றவாளிகளாகின்றனர்.

அயலிலுள்ள அமெரிக்க சமோவாவின் ஃபாஅஃபாஃபினே உதைபந்தாட்ட வீராங்கனை ஜெய்யா சேலுவா, 2011இல் ஆண்களுக்கான உலகக்கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் களமிறங்கினார். தொங்காவை 2-1 என வென்ற அவ்வணிக்கு அவர் பாரமாக இருக்கவில்லை. ஏபியாவின் சட்டவாக்க சபையோ எஞ்சிய பிரிவை இன்னமும் நீக்கவில்லை.