எல்லா ரத்தமும் மூலம் அல்ல

மலத்தில் ரத்தம் போனால் தமிழ்நாட்டில் டாக்டருக்கு முன்பே நோயின் பெயர் தயார்: மூலம்! "உடம்பு சூடு, கோழிக்கறியை நிறுத்து, மோர் குடி" என்று வைத்தியமும் கூடவே வந்துவிடும். சுவருக்குச் சுவர் 'மூலம், பவுத்திரம்' விளம்பரம் வேறு. பெரும்பாலும் அது மூலமாகவோ ஆசனவாய் வெடிப்பாகவோதான் இருக்கும். சிக்கலே அதுதான். பலருக்குச் சரியாக இருக்கும் ஊகம், பெருங்குடலில் புற்று வந்தவரையும் வீட்டிலேயே உட்கார வைத்துவிடுகிறது.

ரத்தத்தின் நிறத்தை வைத்துச் சொல்லிவிடலாம் என்பது அரைகுறை ஞானம். மூலத்தில் பளிச்சென்று சிவப்பாக வரும், சரி. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் வளரும் கட்டியிலும் அதே சிவப்புதான். இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். (பீட்ரூட் தின்றுவிட்டு மறுநாள் அலறுவது தனிக்கதை.)

ரத்தமாவது கண்ணில் படும். பழக்கம் மாறுவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவருக்கு வாரக்கணக்கில் மலச்சிக்கல் அல்லது பேதி, போய்விட்டு வந்தும் முழுசாகப் போகாத உணர்வு, காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை... இவற்றுக்குச் சுவர் விளம்பரத்தில் இடமில்லை.

வயசானவர்கள் நோய் என்பார்கள். 'பிளாக் பாந்தர்' நாயகன் சாட்விக் போஸ்மனுக்குப் பெருங்குடல் புற்று தெரியவந்தது 2016-ல். 2020-ல் இறந்தபோது வயது 43. அமெரிக்காவில் 2021-ல் பரிசோதனை தொடங்கும் வயதை 50-லிருந்து 45-ஆகக் குறைத்தார்கள். அதுவும் அறிகுறியே இல்லாதவர்களுக்கு. ரத்தத்தைப் பார்த்தவர் எந்த வயதுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

டாக்டர் விரல் விட்டுப் பார்க்கும் சோதனைக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. அதற்கு வெட்கப்பட்டு வருஷக்கணக்கில் களிம்பு தடவுகிறவரை வீட்டில் யாராவது இழுத்துக்கொண்டுதான் போகவேண்டும்.